எட்டு வரிகளைக் கூட்டினேன்

8 ஜூலை 2024, திங்கள்

நான்காவது மெஷின் இன்றும் உறைந்துபோனது. மோனிகா ஒரு பம்ப் உறைக்கு வார்ப்பு அச்சு வரைந்துகொண்டிருந்தாள். மூன்று மணி நேர வேலை போயிற்று. அழவில்லை, நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். ஒரு மாதத்தில் இது ஆறாவது தடவை.

எட்வர்ட் சார் என்னைக் கூப்பிட்டார். டிசைன் பிரிவுத் தலைவர், கத்துகிற ஆளில்லை. பன்னிரண்டு லினக்ஸ் கம்ப்யூட்டருக்கும் பொறுப்பு நான் ஒருத்திதான் என்பதை ஒருமுறை நினைவுபடுத்தினார். எந்த புரோகிராம் மெமரியைத் தின்கிறது, யார் எழுதியது, வியாழக்கிழமைக்குள் ஒரு பக்கத்தில் எழுதித் தரவேண்டுமாம். “பேரோட வேணும் ஜெபா” என்றார்.

தருகிறேன் என்றேன்.

9 ஜூலை

அருணா ஊரிலிருந்து நேற்று வரவில்லை, இன்று வந்தாள். மாமியாருக்குக் காய்ச்சலாம். ஒரு பை நிறைய கத்தரிக்காய் கொண்டுவந்திருக்கிறாள். இரண்டு பேர் எத்தனை நாளைக்குக் கத்தரிக்காய் தின்பது?

அவள் இந்த அறைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் ஆறு வருஷம் நான் இங்கே தனியாக இருந்தேன். தனியாக இருக்கிறோம் என்பது அப்போது அவ்வளவாக உறைக்கவில்லை. ஏஜென்சி வழியாகக் காண்ட்ராக்டில் புரோகிராம் எழுத வந்தவள், ஒருநாள் ஆபீஸில் வந்து கேட்டாள்: திருப்பாச்சூர் பக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்குத் தினமும் வந்துபோக முடியவில்லை, திங்கள் முதல் வெள்ளி வரை உங்களோடு தங்கட்டுமா என்று. அவள் வீட்டில் ஒத்துக்கொள்ள ஒரு மாதம் சண்டை நடந்ததாம். கடைசியில் அவள் வீட்டுக்காரர் சரவணகுமார் சொன்னது: காண்ட்ராக்ட் இருக்கிற வரைக்கும் போ, முடிந்தால் வீடு, அதற்கப்புறம் பேச்சு கிடையாது.

இன்று அவள் சமைத்தாள். நான் துணி மடித்தேன். கீழ்வீட்டு டிவியில் வந்த சீரியலுக்கு மேலே இருந்தே வசனம் சொல்லிக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

10 ஜூலை

நாள் முழுக்க நான்காவது மெஷினில் உட்கார்ந்து ஓடுகிற புரோகிராம்களின் பட்டியலைப் பார்த்தேன். எது எவ்வளவு மெமரி வைத்திருக்கிறது என்று வரிவரியாகக் காட்டுமே, அது.

அதில் எட்டு வரி ஒரே பெயரில் இருக்கிறது. வார்ப்பு குளிரும்போது எங்கே ஓட்டை விழும் என்று கணக்கிடும் புரோகிராம். அருணா எழுதியது. வேலை சீக்கிரம் முடியவேண்டும் என்று தன்னையே எட்டாகப் பிரித்துக்கொண்டு ஓடுகிறது. ஒவ்வொரு வரியிலும் 1.8 ஜிபி. எட்டையும் கூட்டினால் 14.4. மெஷினில் இருப்பதே பதினாறு.

இதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது?

பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே திரையைக் காட்டும் டிஸ்ப்ளே புரோகிராம் இருந்தது, ஆறு ஜிபி என்று. அது எப்போதும் பெரிதாகத்தான் காட்டும், கிராபிக்ஸ் கார்டின் மெமரியையும் தன் கணக்கில் சேர்த்துச் சொல்லும் என்று எங்கோ படித்திருக்கிறேன். அதை விட்டுவிட்டேன்.

சாயங்காலம் அறைக்கு வந்தால் அருணா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். குழம்பா பொரியலா அக்கா என்று கேட்டாள். பொரியல் என்றேன். அறிக்கையைப் பற்றி அவளிடம் சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அறைத்தோழி என்பதால் முன்கூட்டியே சொல்லிக் காப்பாற்றினாள் என்று நாளைக்கு யாரும் பேசக்கூடாது. வேலை வேறு, வீடு வேறு. நான் அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

அது சரிதானே?

11 ஜூலை, வியாழன்

மீட்டிங் முடிந்தது. என் ஒரு பக்கத்தை எட்வர்ட் சார் திரையில் போட்டார். எட்டு வரி, கூட்டுத்தொகை, அருணா பெயர்.

அவள் முதலில் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “எட்டும் ஒரே ஃபைலத்தான் படிக்குது சார், தனித்தனியா இல்ல” என்றாள். அவரோ, நம்பர் தெளிவாக இருக்கிறதே அம்மா என்றார். அவள் மறுபடி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அவர் என் பக்கம் திரும்பி, ஜெபா, இந்த நம்பர் சரிதானே என்று கேட்டார்.

சரிதான் சார் என்றேன்.

இரவு. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

12 ஜூலை

காலையிலேயே பையை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போய்விட்டாள். அங்கிருந்தே ஊருக்கு.

15 ஜூலை, திங்கள்

வரவில்லை. விசாரித்தேன், லீவாம்.

19 ஜூலை, வெள்ளி

ஏஜென்சிக்கு மெயில் போய்விட்டது. அருணாவின் காண்ட்ராக்ட் இத்தோடு முடிகிறது. குறையுள்ள புரோகிராம், மெஷின்கள் முடங்கக் காரணம் என்று எழுதியிருக்கிறார்கள். என் வாக்கியம்தான். அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

மத்தியானம் சாமான்களை எடுக்க வந்தாள். நான் அனுமதி வாங்கிக்கொண்டு அறைக்கு ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று தெரியவில்லை. சரவணகுமார் கீழே வண்டியில் உட்கார்ந்திருந்தார், மேலே வரவில்லை. அவள் பாயைச் சுருட்டினாள், இரண்டு பாத்திரத்தை எடுத்தாள், பிளாஸ்டிக் வாளியை விட்டுவிட்டாள்.

நான் என் வேலையைத்தான் செய்தேன் அருணா என்றேன்.

“அன்னிக்கு என்கூடத்தான இருந்தீங்க. வெண்டைக்கா இன்னா பண்றதுன்னு நான் உங்கள கேட்டேன். நீங்க என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?”

அவ்வளவுதான். படியில் இறங்கிப் போய்விட்டாள்.

21 ஜூலை, ஞாயிறு

வேப்பம்பட்டுக்குப் போனேன், தாவீது வீட்டுக்கு. பேசின் பிரிட்ஜில் இறங்கி மாறி, இரண்டரை மணி நேரம். ஞாயிறு ஆராதனைக்குக் கோவிலில் தம்பி குடும்பத்தோடு நின்றேன். பிறகு மீன் குழம்பு. பிள்ளைகள் டிவி பார்த்தார்கள், தாவீது போன் பார்த்தான். தம்பி மனைவி கிரேஸ் நல்ல பெண்தான். அறைத்தோழி போய்விட்டாளாமே, இங்கேயே வந்துவிடுங்கள் அண்ணி என்றாள். சொல்லிவிட்டு வீட்டை ஒருமுறை பார்த்தாள், எங்கே படுக்கவைப்பது என்று யோசிப்பது போல. வேலை தூரம்மா என்றேன். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. தப்பு சொல்லமாட்டேன்.

தாவீதிடம் அருணா விஷயத்தைச் சொன்னேன். உன் மேல என்ன தப்புக்கா, இருக்கிறதை எழுதின என்றான். ஆமாம் என்றேன்.

26 ஜூலை

ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போடுவது என்பது மறந்துவிட்டது. தினமும் மிஞ்சுகிறது.

1 ஆகஸ்ட், வியாழன்

நான்காவது மெஷின் உறைந்துபோனது.

அருணாவின் புரோகிராம் அதில் இல்லை. பத்தொன்பதாம் தேதியே என் கையால் எடுத்துவிட்டேன். வேறு எந்த மெஷினிலும் இல்லை. இருந்தும் உறைந்துபோனது. மோனிகா என்னைத்தான் கூப்பிட்டாள். இன்னா மேடம், அந்தப் பொண்ணு போயிட்ச்சே, இன்னமும் ஏன் என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு என் மேஜைக்குத் திரும்பினேன்.

2 ஆகஸ்ட்

பழைய பட்டியலை எடுத்து மேஜையில் வைத்தேன், ஜூலை பத்தாம் தேதி நான் பிரிண்ட் எடுத்தது. இன்று பார்த்தால் ஒரு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அருணாவின் எட்டு வரி 14.4. மேலே டிஸ்ப்ளே புரோகிராம் ஆறு. இரண்டையும் சேர்த்தால் இருபதைத் தாண்டுகிறது. பதினாறு இருக்கிற மெஷினில் இருபது எப்படி உட்காரும்?

உட்காராது. அப்படியென்றால் ஏதோ ஒன்றைப் பலமுறை எண்ணியிருக்கிறேன்.

அந்த எட்டு வரியில், 1.8 என்ற எண்ணுக்குப் பக்கத்துப் பத்தியிலேயே 1.6 என்று இன்னொரு எண் இருக்கிறது. மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளும் அளவு என்று அர்த்தம். பக்கத்திலேயே. ஒரு விரல் அகலம்கூட இல்லை. எட்டும் ஒரே ஃபைலை மெமரியில் ஒரே இடத்தில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கின்றன. ஒரே வீட்டில் இருக்கிற எட்டுப் பேரைத் தனித்தனியாகக் கேட்டால் எட்டுப் பேரும் எனக்கு வீடு இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். நான் எட்டு வீடு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பகிர்ந்ததை ஒருமுறை மட்டும் எண்ணினால் மொத்தமே 3.2.

அவள் அதைத்தான் மீட்டிங்கில் சொன்னாள். ஒரே ஃபைலத்தான் படிக்குதுன்னு. அத்தனை பேர் முன்னாடி சொன்னாளே. எனக்கு அது புரியாத பாஷையா? பதினோரு வருஷமா இந்த வேலை பார்க்கிறேனே — சரிதான் சார்னு எப்படி வாய் வந்தது?

3 ஆகஸ்ட், சனி

ஆபீஸில் யாரும் இல்லாத நாள். அப்படியென்றால் எது தின்றது என்று கண்டுபிடிக்காமல் போவதில்லை என்று உட்கார்ந்தேன்.

டிஸ்ப்ளே புரோகிராம் இப்போது ஒன்பதரை ஜிபிக்கு வந்திருந்தது. ஜூலையில் நான் ஒதுக்கித் தள்ளியது. கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்துச் சொல்கிறது என்பது உண்மைதான், ஆனால் அந்தக் கார்டில் இருப்பதே இரண்டு. மீதி யாருடையது? அவசரப்பட்டு அதன் மேலும் பழி போட இருந்தேன். பிறகு கையைக் கட்டிக்கொண்டு யோசித்தேன். அது தனக்காக எதையும் வைத்துக்கொள்வதில்லை. மற்ற புரோகிராம்கள் திரையில் காட்டச் சொல்லிக் கொடுக்கிற படங்களைத்தான் வைத்திருக்கும்.

ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தேன். அச்சுப் படங்களைப் புரட்டிப் பார்க்க வாங்கிய வியூவரை மூடியதும் ஏழு ஜிபி ஒரே நொடியில் திரும்பி வந்தது. அந்த வியூவர் தன் சொந்த வரியில் தொண்ணூறு எம்பி என்று காட்டிக்கொண்டு சாதுவாக இருக்கிறது. திறக்கிற ஒவ்வொரு படத்தையும் டிஸ்ப்ளே புரோகிராமிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்குவதேயில்லை. டிசைன் பிரிவில் யாரும் அதை மூடுவதும் இல்லை. திரையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள், வாரக்கணக்கில்.

நான்கு தடவை செய்து பார்த்தேன். நான்கு தடவையும் அதேதான்.

கண்டுபிடித்துவிட்டால் ஒரு சந்தோஷம் வரும் எனக்கு, எப்போதும். யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருக்கும். இன்று வரவில்லை.

5 ஆகஸ்ட், திங்கள்

எட்வர்ட் சாரிடம் சொன்னேன், கதவைச் சாத்திவிட்டு. பிரிண்ட் எடுத்த தாள்களைக் காட்டினேன். அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். வியூவரைத் தினமும் மூட வைத்துவிடு, பிரச்சினை தீர்ந்தது, நல்ல வேலை என்றார்.

அருணா விஷயம் சார் என்றேன்.

பேனாவை மூடி வைத்தார். ஏஜென்சி வேறு ஆளை அனுப்பிவிட்டது, அவருக்குப் பயிற்சியும் தொடங்கிவிட்டது என்றார். “இப்ப போய் தப்பாயிட்ச்சுன்னு எழுதினா உன் பேருதான் கெடும். அந்தப் பொண்ணு திரும்பி வரப்போறது இல்ல. விடு.”

என் நல்லதுக்குத்தான் சொல்கிறார். அது எனக்குத் தெரிகிறது. அதனால்தான் கஷ்டமாக இருக்கிறது.

6 ஆகஸ்ட்

எழுதினேன். அழித்தேன்.

7 ஆகஸ்ட்

அனுப்பிவிட்டேன். சாருக்கும், பெர்சனல் டிபார்ட்மென்ட் மோகன்ராஜுக்கும், ஏஜென்சிக்கும். ஏஜென்சிக்கு அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை என்று தெரிந்தே அனுப்பினேன். ஜூலை 11 அறிக்கையில் நான் கூட்டியது தவறு, பகிர்ந்துகொள்ளும் மெமரியை எட்டு முறை எண்ணிவிட்டேன், அருணாவின் புரோகிராமில் குறை எதுவும் இல்லை, அவர் அன்றைக்கே சரியாக விளக்கினார், நான் கேட்கவில்லை.

கடைசி இரண்டு வார்த்தை வேண்டுமா என்று யோசித்தேன். வேண்டும்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

திருப்பாச்சூர் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் அவள் ஊருக்குப் போனேன். சொல்லாமல்தான் போனேன். போன் எடுக்கவில்லையே.

நடவு முடிந்த வயல். பெரிய வீடு. மாமியார் கங்கம்மா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். அருணாவோட வேலை செய்தவள் என்றதும் அவருக்கு நான் யாரென்று தெரிந்துவிட்டது. அறை யாருடையது, நான் எந்தக் கோவிலுக்குப் போகிறவள் எல்லாம் விசாரித்து வைத்திருக்கிறார். டீ வந்தது. அவருக்கு டம்ளரில், எனக்குப் பேப்பர் கப்பில். அருணா நிலைப்படியில் நின்று அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

இளைத்திருக்கிறாள். தலை சீவியிருந்தாள், புடவை கட்டியிருந்தாள். அறையில் அவளைப் புடவையில் பார்த்ததே இல்லை.

தனியாகப் பேச விடமாட்டார்கள் என்று தெரிந்தது. அதனால் எல்லோர் முன்னாலும் சொன்னேன். புரோகிராமில் தப்பு இல்லை, தப்பு என்னுடையது, எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று. எட்டுப் பேர் ஒரு வீடு என்று விளக்கவும் பார்த்தேன். கங்கம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “யாரு தப்பா இருந்தா இன்னாம்மா. போய்க்கினு வந்துகினு ஒடம்ப கெடுத்துக்கினா. இப்ப ஊட்ல கீறா, நல்லாத்தான் கீறா.”

சரவணகுமார் டிராக்டர் பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்தார். துண்டில் துடைத்துக்கொண்டே வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அப்போ அவ எழுதினது சரியாத்தான் இருந்துச்சா?”

“சரியா இருந்துச்சு. பன்னெண்டு மெஷின்லயும் அதுதான் ஒழுங்கா ஓடின புரோகிராம்.”

அவர் அருணாவைப் பார்த்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கிளம்பும்போது அருணா கேட் வரை வந்தாள். மன்னிச்சிடு என்றேன். பஸ் நாலு மணிக்குத்தான், வெயில்ல நிக்காதீங்க என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

20 ஆகஸ்ட்

மெமோ வந்தது. அனுமதியின்றி வெளியாருக்குக் கடிதம் அனுப்பியதற்காக. இனி அறிக்கைகளில் நான் கையெழுத்திட வேண்டியதில்லை. எல்லாம் எட்வர்ட் சார் வழியாகத்தான். மெமோவைக் கொடுக்கும்போது மோகன்ராஜ் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏஜென்சிக்கு ஜூலை 19 மெயிலைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரி எழுதிவிட்டோம், அதோடு முடிந்தது என்றார்.

ஒரு வரி. போதும்.

அருணாவுக்கு அதை மெசேஜ் பண்ணினேன். இரண்டு நீல டிக்.

8 செப்டம்பர், ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. தலைவலி என்று தாவீதுக்கு மெசேஜ் அனுப்பினேன். நாள் முழுக்கப் படுத்திருந்தேன். கீழ்வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. இந்த அறையில் நேற்று மதியத்திலிருந்து நான் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பது சாயங்காலம்தான் தோன்றியது. “சரி” என்று சொல்லிப் பார்த்தேன். குரல் கரகரவென்று வந்தது.

17 செப்டம்பர்

மெஷின்கள் உறைவதில்லை. நாற்பத்தைந்து நாள் ஆகிறது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஓடுகிற மெஷினைப் பற்றி யார் பேசுவார்கள்?

3 அக்டோபர்

அருணாவின் இடத்துக்கு வந்தவர் அவள் எழுதிய புரோகிராமையே மறுபடி ஏற்றி ஓட்டுகிறார். தானே எழுத நேரம் இல்லையாம். எட்டு வரி, தலா 1.8. பட்டியலில் பார்த்துக்கொண்டே இருந்தேன். மோனிகா வந்து, இன்னா மேடம் இது இவ்ளோ காட்டுது என்று கேட்டாள். பக்கத்து எண்ணைப் பார் என்று காட்டினேன். அவளுக்குப் புரிய ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஐந்தே நிமிஷம்.

அப்போ அந்தப் பொண்ணு பாவந்தான மேடம் என்றாள்.

ஆமாம் என்றேன். நான்தான் பண்ணினேன் என்றும் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரியும் போலிருக்கிறது. தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

16 அக்டோபர்

மழை. சிப்காட் ரோட்டில் முழங்கால் தண்ணீர். கம்பெனி லீவு.

31 அக்டோபர்

தீபாவளி. கீழ்வீட்டிலிருந்து பலகாரத் தட்டு வந்தது. அருணாவுக்கு வாழ்த்து அனுப்பலாமா வேண்டாமா என்று அரை நாள். அனுப்பவில்லை. அவள் வீட்டில் யார் எடுத்துப் பார்ப்பார்களோ.

4 நவம்பர், திங்கள்

காலை ஏழே முக்காலுக்கு போன் அடித்தது. கல்லில் தோசை ஊற்றியிருந்தேன். திரையில் அருணா பெயர். அடுப்பை அணைக்காமலே எடுத்தேன்.

திருவள்ளூர் ஸ்டேஷனில் நிற்கிறாளாம். அம்பத்தூரில் ஒரு கம்பெனி, அதே ஏஜென்சிதான் கூப்பிட்டிருக்கிறது. வீட்டில் பேசியது அவள் வீட்டுக்காரர். அம்மாவிடம் மூன்று நாள் மல்லுக்கு நின்றாராம். ஆனால் தினமும் போய்த் தினமும் திரும்பிவிட வேண்டும், வெளியே தங்குகிற பேச்சே கிடையாது. அதாவது இந்த அறைக்கு அவள் வரப்போவதில்லை. அதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சாப்பிட்டியா என்று கேட்டேன். வேறென்ன கேட்பது? இட்லி என்றாள். பின்னால் அறிவிப்பும் சத்தமும், கேட்கவே முடியவில்லை.

“அருணா, இன்னும் கோவமா?”

“கோவம் போகலக்கா. இருக்குது. ஆனா இன்னிக்கு மொத நாள்னு யார்கிட்டனா சொல்லணும்போல இருந்துச்சு. யோசிச்சுப் பாத்தேன், உங்கள விட்டா யாருமில்ல.”

நான் பதில் சொல்வதற்குள், ட்ரெய்ன் வந்துட்ச்சு, வெச்சுடறேன் என்று வைத்துவிட்டாள்.

தோசை ஒரு பக்கம் கருகிக் கல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுரண்டி எடுத்து, நின்றபடியே தின்றுவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினேன்.